தூசியே தூசியைப் பிடிக்கும் பை

அரியலூர் சிமெண்ட் ஆலைகளைப் பார்க்கிறவர் கண் சூளைக்கும் புகைபோக்கிக்கும்தான் போகும். என் ஓட்டு பை வடிகட்டிக்கு. இரும்புத் தகடு அடைத்த ஓர் அறைக்குள் வரிசையாகத் தொங்கும் நீளத் துணிப் பைகள், ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு கம்பிக்கூடு. விசிறி இழுக்கும் காற்று துணியைத் துளைத்து மேலேறிவிடும். தூள் வெளியே ஒட்டிக்கொள்ளும். புதுத் துணி சுமாராகத்தான் வடிகட்டும். மேலே மாவுபோல ஒரு படலம் படிந்த பிறகே வித்தை கைவருகிறது: அந்தப் படலமே சல்லடையாகி அடுத்து வரும் தூளை மறிக்கிறது. அது தடித்துக் காற்று திணறும்போது, அழுத்தக் காற்று கண நேரம் 'டப்'பென்று அடிக்கும். பை உப்பும், தூள் கீழே கூம்புத் தொட்டியில் உதிரும். ஒரேயடியாக உதறித் துடைத்தாலும் கெடுதல்தான்.

நிலைமின்சாரத்தால் தூசி பிடிக்கும் ஈ.எஸ்.பி. இருக்கிறதே, அதில் விசிறிக்கு மின்சாரமும் குறைவு என்பார்கள். உண்மை. ஆனால் சூளையில் கார்பன் மோனாக்சைடு ஏறினால், வெடிப்புக்கு அஞ்சி அதன் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். அந்த நிமிடங்களில் தூசி ஊருக்குத்தான். பை அப்படி விடுப்பு எடுப்பதில்லை. பிடிபட்டதும் குப்பையல்ல, அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும் உற்பத்திக்கே திரும்புகின்றன. லாரி கிளப்பும் சாலைப் புழுதிக்கு என்ன செய்யும் என்றால், ஒன்றும் செய்யாது. அதற்குத் தார்ப்பாயும் தண்ணீர் லாரியும் வேண்டும். பெரம்பலூரின் கல் உடைக்கும் கிரஷர் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: தெளிக்கும் தண்ணீர் பெருந்தூளை அமுக்கும், நுரையீரலின் அடிவரை போகும் நுண்ணிய கல்தூள் பெரும்பாலும் தப்பிவிடும். தண்ணீர்க் குழாயோடு நிறுத்திவிடாதீர்கள்.