நாற்காலிக் கணக்கு: சிங்கப்பூரின் நிகழ்கலை அரங்குகள்

சிங்கப்பூரின் நாடக வரலாற்றை ஆட்களின் வழியாகச் சொல்வதே வழக்கம். அரங்குகளின் வழியாகப் பார்த்தால் வேறொரு உண்மை புலப்படும். எந்தக் கலை பிழைக்கும், எந்த மொழி மேடையேறும் என்பதை அந்த ஊரில் பெரிதும் தீர்மானித்தது, ஒரு கூரையின் கீழ் எத்தனை நாற்காலி போட்டார்கள் என்பதுதான். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாடு. அவற்றில் தமிழ் பேசுவோர் சிறு தொகையினர். இரண்டாயிரம் பேர் அமரும் அரங்கைத் தமிழ் நாடகம் ஒன்று ஓர் இரவு நிரப்பிவிடலாம். தொடர்ந்து நான்கு இரவுகள் நிரப்புவது கடினம். முதல் நாளன்றே முடிந்துபோகும் நாடகம் வளர்வதற்கு வழியில்லை. எங்கே சிரிக்கிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்பது நடிகருக்கு இரண்டாம், மூன்றாம் நாளில்தான் பிடிபடும்.

அரசாங்க அரங்குகளுக்கு வெளியே கலையைச் சோறு போட்டு வளர்த்தவை தெருவும் சந்தையும். சைனாடவுனின் ஸ்மித் தெருவில் 1887இல் எழுந்த லாய் சுன் யுவன் மூன்று மாடிச் சீன இசைநாடக அரங்கு. அதனால் அந்தத் தெருவையே நாடகத் தெரு என்று கன்டோனியர் அழைத்தார்கள். பிறகு கேளிக்கைப் பூங்காக்கள் வந்தன: 1923இல் நியூ வோர்ல்ட், 1931இல் கிரேட் வோர்ல்ட், சில ஆண்டுகள் கழித்து ஹேப்பி வோர்ல்ட். ஒரே வளாகத்தில் குத்துச்சண்டை, நடனக் கூடம், சீன நாடகம், மலாய் பங்சாவான் எல்லாம் நடந்தன. பங்சாவானுக்கு இந்தியப் பூர்வீகமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் மேடையமைப்பையும் பாட்டையும் உள்வாங்கி வளர்ந்த கலை அது. அந்தப் பூங்காக்கள் இன்று இல்லை. சீனப் பேய் மாதத்தில் கோயில்களின் முன்னும் திடல்களிலும் தற்காலிகமாக எழும் மேடைகளில் மட்டும் அந்தக் காலத்தின் மிச்சம் தெரிகிறது.

அரசாங்க அரங்குகளில் மூத்தது விக்டோரியா. 1862இல் நகர மண்டபமாகக் கட்டி முடித்த கட்டடத்துக்குப் பக்கத்தில், விக்டோரியா அரசியின் நினைவாக 1905இல் இன்னொரு மண்டபம் எழுந்தது. பழைய நகர மண்டபம் 1909இல் நாடக அரங்காயிற்று. போருக்குப் பின் ஜப்பானியர் மீதான போர்க்குற்ற வழக்குகள் நினைவு மண்டபத்தில் நடந்தன. மக்கள் செயல் கட்சியின் தொடக்கக் கூட்டம் 1954 நவம்பர் 21 அன்று அங்கேதான் கூடியது. 2010இல் மூடிப் புதுப்பித்து 2014இல் மறுபடி திறந்தபோது, நாடக அரங்கின் இருக்கைகள் 904இலிருந்து 614ஆகக் குறைந்திருந்தன. பழைய நாற்காலிகளின் வார்ப்பிரும்புப் பாகங்களைத் தூக்கி எறியாமல் புதிய அரங்கின் சுவர்ப் பலகைகளில் பதித்திருக்கிறார்கள். இத்தனை இருக்கைகளைக் குறைத்ததைச் சிலர் இழப்பாகக் கருதக்கூடும். அந்தக் கட்டடத்துக்கு நடந்தவற்றிலேயே ஆகச் சிறந்த காரியம் அதுவென்று நான் கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான கனவு, ஃபோர்ட் கேனிங் குன்றின் சரிவில் 1963இல் எழுந்த தேசிய அரங்கு. 3,420 இருக்கைகள். பக்கச் சுவர்களே கிடையாது. பார்வையாளர்களின் தலைக்கு மேல் தூண் இல்லாமல் நீண்டு நின்றது கூரை. முகப்பில் ஐந்து கூர்முனைகள். அவை நாட்டுக் கொடியின் ஐந்து நட்சத்திரங்களைக் குறித்தன. முன்னால் இருந்த நீரூற்று கொடியின் பிறையைக் குறித்தது. ‘ஒரு வெள்ளிக்கு ஒரு செங்கல்’ என்று மக்களிடம் வசூலித்து, மீதியை அரசு போட்டுக் கட்டினார்கள். அந்த ஆகஸ்ட் மாதமே தென்கிழக்காசியக் கலாசார விழா அங்கே நடந்தது. பின்னாளில் பட்டமளிப்பு விழாக்களும் பிரதமரின் தேசிய தினப் பேருரைகளும் அங்கேதான். அரசியல் மேடையாக அது நின்றுபிடித்தது; நாடக மேடையாக எப்போதும் திணறியது. மழை பெய்தால் சாரல் உள்ளே வந்தது, சாலையின் இரைச்சலும் வந்தது. வசனத்தைத் தாழ்த்திப் பேசி ஒரு மௌனத்தை நிறுத்திக்காட்ட அங்கே வழியில்லை. கூரை பாதுகாப்பாக இல்லை என்று கண்டறிந்து, நெடுஞ்சாலைப் பணியும் நெருங்கியபோது மூடினார்கள், 1986இல் இடித்தார்கள். தங்கள் வெள்ளியைப் போட்டுக் கட்டியவர்களுக்கு அந்த இடத்தின் மீதிருந்த பாசம் உண்மையானது. அதை மதித்தபடியேதான் அதன் அளவு தவறு என்று சொல்கிறேன்.

நான்கே ஆண்டுகளில் மாற்று வந்தது. ஆர்மீனியன் தெரு 45ஆம் எண்ணில் கைவிடப்பட்டுக் கிடந்த மின் துணைநிலையத்தைக் கலைக்கூடமாக்கலாம் என்றார் நாடகாசிரியர் குவோ பாவ் குன். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1976 முதல் 1980 வரை விசாரணையின்றிச் சிறையில் இருந்தவர் அவர். சப்ஸ்டேஷன் என்ற பெயரோடே அந்தக் கலைக்கூடம் 1990இல் திறந்தது. அதன் பிளாக் பாக்ஸ் அரங்கில் நூறு பேர் சொச்சம் உட்காரலாம். முன்வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் நடிகர்மேல் படும். எல்லா மொழிக்காரர்களும் ஒரே வாசல் வழியாக வந்து போக வேண்டிய இடம். குவோ நம்பிய நாடகத்துக்கு அந்த அளவே உகந்தது. அவருடைய ‘பூனையைத் தேடும் அம்மா’ 1988இல் மேடையேறிய நாடகம். ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ், ஹொக்கியன் எல்லாம் அதில் ஒலிக்கும். பெற்ற பிள்ளைகளோடு பேச மொழியில்லாத ஹொக்கியன் மூதாட்டியும், தன் பூனையைத் தேடும் தமிழ் முதியவரும் சந்திக்கும் காட்சி ஒன்று உண்டு. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கையாலும் முகத்தாலும் பூனையைப் போலக் கத்தியும் பேசிக்கொள்கிறார்கள், முழுமையாகப் புரிந்துகொள்கிறார்கள். மூவாயிரம் பேருக்கு நடுவில் அந்தக் காட்சி தொலைந்துபோகும். விரல் அசைவு தெரியும் தூரத்தில் பார்வையாளர் இருக்க வேண்டும்.

அறை கிடைத்தாலும் அனுமதி தனிக்கதை. நாடகாசிரியர் இளங்கோவனின் ‘தலாக்’ 1998இல் தமிழில் மேடையேறியது. அதே நாடகத்தை ஆங்கிலத்திலும் மலாயிலும் நடத்த 2000இல் உரிமம் மறுக்கப்பட்டது. தமிழில் ஆடலாம், அதிகம் பேருக்குப் புரியும் மொழியில் ஆடக்கூடாது என்றான அந்த நிலை, சிறிய மொழிக்குக் கிடைக்கும் சுதந்திரத்தின் விலை என்ன என்பதைத் துல்லியமாகக் காட்டியது.

எஸ்பிளனேட் கலை வளாகம் 2002 அக்டோபர் 12 அன்று திறந்தது. செலவு 60 கோடி வெள்ளி. முள் முள்ளான அலுமினியக் கூரையைப் பார்த்த மக்கள் உடனே டுரியான் என்று பெயர் வைத்தார்கள். சுமார் 1,600 பேருக்கான இசை அரங்கும், சுமார் 2,000 பேருக்கான நாடக அரங்கும் அங்கே உள்ளன. இசை அரங்கின் ஒலியை அமைத்தவர் ரஸ்ஸல் ஜான்சன். அரங்கைச் சுற்றிப் பல டன் எடையுள்ள கான்கிரீட் கதவுகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்தால் பின்னாலுள்ள வெற்று அறைகளுக்குள் ஒலி புகுந்து நீண்டு திரும்பும். மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு அந்த நீட்சி அமுதம். நம் கச்சேரிக்கு அது ஆகாது: சொற்கட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மிருதங்கம் குழம்பிவிடும். கதவுகளை மூடி, திரைச்சீலைகளை இறக்கினால்தான் அரங்கு நம் இசைக்கு இணங்கும். இப்படி மாற்றிக்கொள்ள இடம் வைத்துக் கட்டியதை மனமாரப் பாராட்ட வேண்டும். திறந்த ஆண்டிலிருந்தே ‘கலா உற்சவம்’ நடக்கிறது. வெளி மேடையிலும் முன்கூடத்திலும் இலவச நிகழ்ச்சிகள் உண்டு. டிக்கெட் வாங்கிப் பழக்கமில்லாத குடும்பங்களை உள்ளே இழுத்தவை அந்த நிகழ்ச்சிகள்தான் என்பது என் எண்ணம்.

எஸ்பிளனேடின் முதல் திட்டத்தில் இருந்த நடுத்தர அரங்குகளைச் செலவு கருதித் தள்ளிவைத்தார்கள். இரண்டாயிரம் பேருக்கான அரங்குக்கும் இருநூற்றுச் சொச்சம் பேருக்கான ஸ்டூடியோவுக்கும் இடையில் அங்கே எதுவும் இல்லாமல் இருபது ஆண்டு ஓடியது. 2022இல்தான் 550 இருக்கைகளோடு நீர்முகப்பு அரங்கு திறந்தது. தேசிய நூலகக் கட்டடத்தில் 2005இல் வந்த டிராமா சென்டரில் 615 இருக்கை. விக்டோரியாவில் 614. கட்டியவர்களும் காலமும் வேறு. ஆனாலும் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து நிற்கின்றன. பல மொழி பேசும் ஊருக்குப் பொருந்தும் உச்சவரம்பு அதுதான் என்று அந்த நகரம் அனுபவத்தில் கண்டுகொண்டிருக்கிறது.

கீழ்வரம்பில்தான் கவலை. சப்ஸ்டேஷன் தன் கட்டடத்தை விட்டு 2021 ஜூலையில் வெளியேறியது. இடமில்லாத அமைப்பாகத் தொடர்வதாக அறிவித்தது. புதுப்பித்த பின் அந்தக் கட்டடத்தைப் பல அமைப்புகள் பகிர்ந்துகொள்ளும் என்றது தேசியக் கலை மன்றம். பகிர்ந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அந்தக் கூடத்தின் பெருமை, யாருடைய நாடகத்துக்கு இடம் கொடுப்பது என்பதை ஒரு கலைஞரே தீர்மானித்ததில் இருந்தது. இன்று எழுதத் தொடங்கும் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞருக்கு அறுநூறு இருக்கைகள் இன்னும் அதிகம். நூற்றைம்பது நாற்காலி, ஒழுங்கான விளக்குகள், ஒத்திகையும் காட்சியும் சேர்த்து இரண்டு வாரம் ஒரே இடம், ஒரு சிறு குழுவால் கட்ட முடிந்த வாடகை: அவருக்கு வேண்டியவை இவையே. தமிழர்கள் அதிகம் கூடும் தேக்கா வட்டாரத்துக்கு நடந்து போகும் தொலைவில் அப்படி ஓர் அறை கிடைத்தால், நாடகம் முடிந்ததும் பார்த்தவர்கள் நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போய் அதைப் பற்றியே சண்டை போடலாம்.