கதவைப் பூட்டியவர் யார்?
'விய்' திரைப்படமும் அதனைக் கண்டோர் கருத்துகளும்

பேய்ப் படம் என்ற சொல்லைக் கேட்டதுமே முகஞ்சுளிக்கும் வழக்கம் முற்போக்கு வட்டாரங்களில் உண்டு. மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் வருபவர்கள், இருட்டையும் சவப்பெட்டியையும் காட்டிப் பணம் பறிக்கும் படங்களைக் கண்டு வெறுப்படைவதில் வியப்பில்லை. ஆனால் வெறுப்பு வேறு, விமர்சனம் வேறு. மக்கள் எதைக் கண்டு அஞ்சுகிறார்கள், ஏன் அஞ்சுகிறார்கள், அவ்வச்சத்தால் யாருக்கு ஆதாயம் என்ற வினாக்களை எழுப்பாமல் ஒதுங்கிவிடும் விமர்சனம், மக்கள் வாழ்வின் ஒரு பெரும் பகுதியை மந்திரவாதிகளிடமும் பட முதலாளிகளிடமும் ஒப்படைத்துவிடுகிறது. 'விய்' என்னும் சோவியத் திரைப்படத்தைப் பற்றி இங்கு எழுத முற்படுவதற்கு இதுவே காரணம்.

மொஸ்பிலிம் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட இப்படத்தை நெறிப்படுத்தியவர்கள் கொன்ஸ்தந்தீன் யெர்ஷோவ், கியோர்கி குரொபச்சோவ் என்னும் இருவர். 'கல்மலர்' (1946), 'சாத்கோ' (1952) முதலிய படங்களால் புகழ்பெற்ற அலெக்சாந்தர் புத்துஷ்கோ இதன் கலைப்பொறுப்பை ஏற்றிருந்தார். நாத்திகத்தைக் கொள்கையாகக் கொண்ட ஓர் அரசின் கீழ், சூனியக்காரியும் பிசாசும் நடமாடும் ஒரு படம் வெளிவந்தமையும், அதனை 3 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டுகளித்தமையும் கவனிக்கத்தக்கவை. சோவியத் காலத்தில் வெளியான முதலாவது திகிற்படம் என்றே இது பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. மூலக்கதை நிக்கலாய் கோகல் 1835இல் வெளியிட்டது. கோகல் இன்றைய உக்ரேனின் பொல்தாவாப் பகுதியிற் பிறந்தவர். கதை நிகழ்வதும் கீவ் நகரை அடுத்த நாட்டுப்புறத்திலேயே. ஆகவே, ருஷ்யப் படம் என்ற பெயரில் நாம் காண்பது உக்ரேனியக் குடியானவரின் கற்பனையுலகம் என்பதை மறந்துவிடலாகாது.

கதை எளிமையானது. கோமா என்பவன் கீவ் நகரச் சமயக் கல்லூரியொன்றின் ஏழை மாணவன். விடுமுறைக்குச் செல்லும் வழியில் ஓர் இரவு கிழவியொருத்தியின் பட்டியில் தங்குகிறான். அவள் சூனியக்காரி. அவன் தோளில் ஏறிக் குதிரையைப் போல் அவனை ஓட்டுகிறாள். விடுபட்ட கோமா அவளை அடித்து வீழ்த்துகிறான். வீழ்ந்தவள் அழகிய இளம்பெண்ணாக மாறிக் கிடக்கிறாள். அவள் ஒரு கொசாக் பிரபுவின் மகள். தான் இறந்தபின் மூன்று இரவுகள் கோமாவே தன் உடலருகே நின்று வேதம் ஓத வேண்டும் என்பது அவளது இறுதி விருப்பம். கோமா பிரபுவின் ஊருக்கு இழுத்துவரப்பட்டு, பாழடைந்த தேவாலயத்துள் பிணத்துடன் விடப்படுகிறான். தன்னைச் சுற்றிச் சோக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் நின்று ஓதுகிறான். முதலிரண்டு இரவுகளும் வட்டம் அவனைக் காக்கிறது. மூன்றாம் இரவில் பிணம் பேய்க்கணங்களை அழைக்கிறது. நிலத்தைத் தொடும் இமைகளையுடைய 'விய்' என்னும் பூதம் வருகிறது. அதன் இமைகளைத் தூக்கிவிடுகின்றனர். பார்க்காதே என்று உள்ளம் தடுத்தும் கோமா பார்த்துவிடுகிறான். விய் அவனைச் சுட்டிக்காட்ட, வட்டம் பயனற்றுப் போகிறது. அவன் மாண்டு விழுகிறான்.

தெரணியகலைப் பகுதித் தோட்டமொன்றில், நம்மோடு சேர்ந்து இப்படத்தைச் சிலர் அண்மையில் பார்த்தனர். மேல்வகுப்பு மாணவர், கொழும்புக் கடைகளில் வேலை செய்து விடுமுறையில் வந்திருந்த இளைஞர், ஓய்வுபெற்ற தொழிலாளர், கொழுந்து பறிக்கும் பெண்கள், பகுத்தறிவுக் கொள்கையில் ஈடுபாடுடைய நண்பர் ஒருவர் என்று கூட்டம் கலப்பாகவே இருந்தது. ஆங்கிலத்தில் ஓடிய எழுத்துகளை நாம் தமிழாக்கிச் சொல்ல அவர்கள் கேட்டுக்கொண்டனர். படம் முடிந்ததும் எழுந்த கருத்துகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அம்முரண்பாடுகளை ஆராய்வது பயனுள்ளது.

இளைஞர்கள் கூறிய முதற் குறை, பயமே வரவில்லை என்பது. கைகள் சுவரிலிருந்து நீளும் காட்சியும் சவப்பெட்டி பறக்கும் காட்சியும் அவர்களைச் சற்றே நிமிர்ந்து உட்கார வைத்தன; ஆனால் விய் தள்ளாடி நடந்து வந்தபோது சிரித்துவிட்டனர். படத்தின் முற்பாதி முழுவதும் குடியும் கும்மாளமுமாக இருக்கிறதே, இது பேய்ப் படமா, நகைச்சுவைப் படமா என்றும் கேட்டனர்.

அச்சமும் நகைப்பும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் அண்மைக்கால வியாபாரப் படங்கள் கற்பித்தது. அது நமது மரபன்று. கலிங்கத்துப் பரணியில் வரும் பேய்கள் பசியால் வற்றி உலர்ந்தவை. போர்க்களத்தில் பிணங்கொண்டு கூழ் சமைப்பவை. அவற்றைக் கண்டு நடுங்குவதா, நகைப்பதா என்று படிப்பவர் திகைக்கும் இடத்திலேயே சயங்கொண்டாரின் ஆற்றல் விளங்குகிறது. நம் தோட்டங்களிலே காமன் கூத்து ஆடுகையில் வீரபத்திரன் களத்துக்கு வரும்போது குழந்தைகள் அலறுவதும், அடுத்த கணம் கோமாளியைக் கண்டு சிரிப்பதும் உண்டு. நம்மைச் சூழ்ந்து வாழும் சிங்களக் கிராமத்தவர் நடத்தும் 'தொவில்' சடங்கிலும் இரவெல்லாம் அச்சுறுத்திய யக்கர்கள் விடியுமுன் கேலிக்குரியவராக்கப்படுகின்றனர். நோயாளியும் ஊராரும் சேர்ந்து சிரிக்கும்போது பேயின் பிடி தளர்கிறது. கோகலும் இந்த நாட்டார் மரபைச் சேர்ந்தவரே. எனவே நகைச்சுவையைப் படத்தின் குறையாகக் கொள்வதற்கில்லை.

இளைஞர்களின் மற்றொரு குறை சிந்திக்க வைப்பது. நம்முடைய படங்களில் பேய்க்கு ஒரு முன்கதை இருக்குமே, இவளுக்கு ஏன் அது இல்லை என்றனர். 'காஞ்சனா' (2011) போன்ற படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதில் நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட ஒரு திருநங்கையே ஆவியாக வந்து பழி தீர்க்கிறாள். வாழ்வில் கிடைக்காத நீதியை மரணத்தின் பின்னாவது பெற்றுத்தரும் கருவியாகத் தமிழ்ப் படவுலகம் பேயைப் பயன்படுத்துகிறது. அதில் மக்களின் ஏக்கம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 'விய்' படத்தின் பெண் அநீதிக்கு ஆளான ஏழையல்லள். அவள் பிரபுவின் மகள். ஓர் ஏழை மாணவனின் தோளில் ஏறி அவனை வாகனமாக்குபவள். நீதிகேட்டு வரும் பேய் நமக்குப் பழக்கம். ஆள்வோர் பக்கத்துப் பேய் பழக்கமில்லை. இளைஞர் தேடிய முன்கதை கிடைக்காமற் போனமைக்கு இதுவே காரணமாகலாம்.

முதியவர்களின் கருத்து வேறு. இதெல்லாம் உண்மைதான், தாம் பார்த்திருப்பதாகவே அவர்கள் சொன்னார்கள். மலைச்சரிவுக்கொரு சாமியும் இயந்திரச் சக்கரத்துக்கொரு ரோதை முனியும் வைத்துக் கும்பிட்டு வாழ்ந்த தலைமுறை அது. காட்டை வெட்டித் தோட்டமாக்குகையில் பாம்பும் மலேரியாவும் சாவும் சூழ நின்ற மனிதர்களுக்குத் துணையாய் வந்த தெய்வங்கள் அவை. அவற்றை எள்ளி நகையாடுவது எளிது. அதனால் விளையும் பயன் எதுவுமில்லை.

நமது பகுத்தறிவு நண்பரோ படத்தை முற்றாக நிராகரித்தார். சோவியத் நாடு இப்படியொரு படத்தை எடுத்திருக்கவே கூடாது என்பது அவர் வாதம். அவருக்குப் பிடித்திருக்கக்கூடிய மற்றொரு 'விய்' உண்டு. ஒலெக் ஸ்தெப்சென்கோ நெறிப்படுத்தி 2014இல் வெளிவந்தது அது. அங்கே வரைபடம் வரையும் ஆங்கிலேயர் ஒருவர் கருவிகளோடு அக்கிராமத்துக்கு வருகிறார். ஊரை ஆட்டிப்படைக்கும் பேயின் பின்னால் மதகுருவின் சூழ்ச்சி இருப்பது வெளிப்படுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது முற்போக்கானதே. ஆயினும், அறியாமையில் மூழ்கிய குடியானவர். அவர்களுக்கு அறிவொளி கொண்டுவரும் வெள்ளைக்காரத் துரை! தோட்டத்திற் பிறந்த எவருக்கும் இந்தக் கதை புதிதன்று. பேயைப் பொய்யாக்கிவிட்டால் மட்டும் ஒரு படம் மக்கள் பக்கம் நின்றுவிடாது.

இத்தனை விவாதத்தையும் கேட்டுக்கொண்டிருந்த கொழுந்து பறிக்கும் பெண்ணொருவர் கேட்ட கேள்வி ஒன்றே: "பேயி கெடக்கட்டும் சார், அந்தப் பையன உள்ள விட்டுக் கதவப் பூட்டுனது யாரு?"

படத்தின் உயிர்நிலையை அவர் தொட்டுவிட்டார் என்றே நாம் கருதுகிறோம். தேவாலயக் கதவைப் பூட்டுபவர்கள் பிரபுவின் ஆட்கள். அது பிரபுவின் ஆணைப்படியே நடந்தது என்று கோகலும் தம் கதையிலே தெளிவாகக் குறிப்பிடுகிறார். கோமா தாய் தந்தை யாரென அறியாதவன்; கேட்பாரற்றவன். இரண்டாம் இரவில் தலைமயிர் நரைத்துப்போன நிலையில், தன்னை விட்டுவிடுமாறு பிரபுவிடம் மன்றாடுகிறான். பணியை முடித்தால் ஆயிரம் பொற்காசு, மறுத்தால் கசையடி என்று பதில் வருகிறது. தப்பியோட முயல்கிறான், பிடித்துவருகிறார்கள். கோமாவாக நடித்த லியனித் குரவ்லியோவின் திறமை இங்கே சிறப்பாக வெளிப்படுகிறது. பிணத்தின் முன் நிற்கையில் அவர் முகத்தில் காணும் அச்சம் ஒருவகை. பிரபுவின் முன் நிற்கையில் காணும் அச்சம் வேறுவகை. முன்னதை எதிர்க்க அவனிடம் சோக்கட்டியாவது இருக்கிறது. பின்னதற்கு எதிரே அவனிடம் எதுவுமில்லை.

நம் மக்களுக்கு இந்த இரண்டாவது அச்சம் ஏட்டுச் செய்தியன்று. வேலையை விட்டு நீங்குவதே குற்றமாகிச் சிறைக்கு அனுப்பிய காலமொன்று இத்தோட்டங்களில் இருந்தது. கங்காணியும் அவர் ஆட்களும் பட்ட கடன் தீர்க்கப்பட்டாலன்றி அவர்களை விடுவிப்பதில்லை என்ற 'துண்டு' முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் என்னும் பூட்டைப் போட்டவர் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தார். மழையும் அட்டையும் நோயும் மட்டுமே கண்முன் நின்றன. பழைய காலத்தோடு இது முடிந்துவிடவுமில்லை. 2013 யூலையில் நூரித் தோட்டத்து அதிகாரி வெட்டிக் கொல்லப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. இப்பகுதியில் இருட்டிய பின் கதவைத் தாழிட்டுக்கொண்ட குடும்பங்கள் சுடுகாட்டுப் பேய்க்கு அஞ்சித் தாழிடவில்லை.

இந்நோக்கிற் பார்க்கும்போது படத்தின் இறுதிக் காட்சி மிகுந்த கருத்து வேற்றுமைக்கு இடமளிக்கிறது. கோமாவின் பழைய நண்பர் இருவர் அவன் சாவைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவன் அஞ்சியதனாலேயே இறந்தான், அஞ்சாதிருந்தால் சூனியக்காரியால் எதுவும் செய்திருக்க முடியாது என்று ஒருவன் தீர்ப்புக் கூறுகிறான். அன்று கூடியிருந்தவர்களுள் பெரும்பாலோர் இதையே படத்தின் நீதியாக ஏற்றுக்கொண்டனர். நாம் ஏற்கவில்லை. இது வெளியே நின்றவனின் தீர்ப்பு. பூட்டிய கதவுக்குள் மூன்று இரவுகள் நின்றவனைப் பார்த்து, உன் அச்சமே உன்னைக் கொன்றது என்பது, பூட்டியவனை விடுதலை செய்துவிடுகிறது. துணிவில்லாததால் ஏழையாயிருக்கிறாய் என்று தொழிலாளிக்கும், ஊக்கமில்லாததால் தோற்றாய் என்று தோட்டத்துப் பிள்ளைக்கும் நாள்தோறும் கூறப்படும் உபதேசம் இதே வகையானது. குடித்தபடி பேசும் நண்பனின் வாயில் அச்சொற்களைக் கோகல் வைத்திருப்பதே அவற்றை முழுதாக நம்ப வேண்டாம் என்பதற்கான குறிப்பு எனலாம்.

படம் குறையற்றது என்று நாம் சொல்லவில்லை. நத்தாலியா வார்லி நடித்த அந்தப் பெண் அடியுண்டு சாகும் காட்சியில் பார்ப்பவர் மனம் ஒரு கணம் தடுமாறுகிறது. ஆனால் படம் அங்கே தயங்கி நிற்கவில்லை. அழகும் தீமையும் ஒரே உடம்பில், அதுவும் பெண்ணுடம்பில் என்ற பழைய கற்பிதத்தை அது ஆராயாமலே ஏற்றுக்கொள்கிறது. இது வெறும் கலைக்குறையன்று. பருவமெய்திய மாணவி ஒருத்தி வகுப்பில் மயங்கி விழுந்தால், மருத்துவரிடம் கொண்டுசெல்லாமல் கோடாங்கியிடம் கொண்டுசெல்வதும், பேய் பிடித்தவள் என்று பேர் சூட்டிப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவதும் இன்றும் நிகழ்கின்றன. இரத்தச் சோகையும் பசியும் தூக்கமின்மையும் அவளைப் பிடித்த பேய்கள். அவளை உடுக்கடித்து ஆட்டுவிக்கும் இரவில், கொசாக் பிரபுவைப் போன்றே, அவளது பசிக்குப் பொறுப்பானவர்கள் அவ்விடத்தில் இருப்பதில்லை.

எனவே இப்படத்தை நம் மாணவர்களும் தொழிலாளரும் பார்க்கலாமா என்று கேட்டால், பார்க்க வேண்டும் என்பதே நமது விடை. ஆனால் பார்த்தபின் பேச வேண்டும். பேய் உண்டா இல்லையா என்ற வாதத்தோடு அப்பேச்சு நின்றுவிடலாகாது. அது விடியும்வரை நீளும். விடிந்தபின்னும் அவரவர் கருத்து அவரவரிடமே இருக்கும். அந்தப் பையன் ஏன் அங்கு நின்றான், ஏன் வெளியேற முடியவில்லை, சாவி யார் கையில் இருந்தது என்று கேட்கத் தொடங்கினால், முதியவரும் இளைஞரும் பகுத்தறிவாளரும் ஒரே திசையில் நோக்க வழி பிறக்கும். அக்கேள்வியை முதலில் எழுப்பியவர் விமர்சனம் என்ற சொல்லையே அறியாத ஒரு தொழிலாளப் பெண். மக்களுக்குக் கலையை விளக்கப் புறப்படும் நாம், மக்கள் கலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டறியவும் பழகிக்கொள்ள வேண்டும்.