இரண்டு மதிப்பெண் குமிழித் தூம்பு

"அண்ணா, குமிழித் தூம்புன்னா என்னண்ணா? ரெண்டு மார்க்குக்கு எழுதற மாதிரி சொல்லேன்."

கேட்டவன் என் சித்தி மகன். காட்டுமன்னார்கோயில் பக்கம் வீடு. பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் படிக்கிறான். மறுநாள் இரண்டாம் பருவத் தேர்வு.

"உங்க வீட்லேருந்து வீராணம் எவ்ளோ தூரம்டா?"

"நடந்தா பத்து நிமிஷம். அதுக்கும் இதுக்கும் என்னண்ணா?"

அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2022-23 கல்வியாண்டிலிருந்து அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் பருவத்துக்கு ‘தமிழர் மரபு’, இரண்டாம் பருவத்துக்கு ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு பொதுத்தாள்கள் உண்டு. தாளுக்கு ஒரு கிரெடிட், ஐந்து அலகு, 15 பாடவேளை. அதாவது அலகுக்கு மூன்று வகுப்பு. முதல் தாளில் ஓர் அலகு பாறை ஓவியத்தில் ஆரம்பித்து நவீன ஓவியம் வரை போகிறது. இரண்டாம் தாளில் ஓர் அலகில் அணை, ஏரி, மதகு, குமிழித் தூம்பு, கால்நடை, மீன்வளம், முத்துக்குளித்தல் எல்லாம் வருகின்றன. வீராணம் மதகைத் திறந்துவிட்டால்கூட தண்ணீர் இவ்வளவு வேகமாக ஓடாது.

இந்தத் தாள்களைப் பற்றி என் நண்பர்களிடம் இரண்டே கருத்துதான். "கோடிங் கத்துக்கற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்பது ஒன்று. "எஞ்சினியரும் முழுமனிதனாக வேண்டாமா, நம் பெருமை தெரிய வேண்டாமா?" என்பது மற்றொன்று. இரண்டு தரப்பும் பொதுக்கல்வியைத் தொழிற்கல்விக்கு வெளியே வைக்கப்படும் ஒரு பொருளாகவே பார்க்கின்றன. ஒருவருக்கு அது சுமை, மற்றவருக்கு அது மாலை. எனக்கு இரண்டுமே தவறாகப் படுகிறது.

குமிழித் தூம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளேயே நிற்கும் கல்தொட்டி அது. மேலே தண்ணீர் இறங்க ஒரு துளை, கீழே சேறு கலந்த நீர் போக வேறு துளைகள். உள்ளே போகும் நீர் கரைக்கு அடியில் இருக்கும் சுருங்கை வழியாக வயலுக்குச் செல்லும். அடித்துளை வழியே சேறு ஏன் போகிறது, எவ்வளவு போகும், தூர் வாரும் வேலையை அது எவ்வளவு குறைக்கும்? அடுத்த வருடம் என் தம்பி பாய்ம இயக்கவியல் தாளில் பெர்னோலி சமன்பாட்டை உருப்போடுவான். அங்கே தூம்பு இருக்காது. இங்கே பெர்னோலி இல்லை. ஒரே பையனின் தலைக்குள் இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல முகம் பார்க்காமலேயே குடியிருக்கும்.

அவனை நான் கிண்டல் செய்ய முடியாது. என் கதை இன்னும் மோசம்.

எம்.சி.மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சியாகவே சுற்றுச்சூழல் கல்வி இந்தியக் கல்லூரிகளில் கட்டாயப் பாடமானது. நானும் ஒரு பருவம் படித்தேன். தேர்வுக்கு முந்தின இரவு கைடைப் புரட்டி, "அலையாத்திக் காடுகளின் பயன் யாது?" என்பதற்கு, "சுனாமியைத் தடுக்கும்" என்று எழுதினேன். முழு மதிப்பெண். நான் கடலூர்க்காரன். 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலிருந்து ஓடிவந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தவன். பிச்சாவரம் சிதம்பரத்துக்குப் பக்கத்தில். இவ்வளவு இருந்தும், "தடுத்ததா? எப்படித் தெரியும்?" என்று கேட்கத் தோன்றவில்லை.

அதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. அங்கிருந்து கதிரேசனும் ராஜேந்திரனும் இந்தக் கரையோரத்தின் 18 குக்கிராமங்களை ஆராய்ந்து, காடு இருந்த இடத்தில் உயிர்ச்சேதம் குறைந்தது என்று 2005-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வேறு சில விஞ்ஞானிகள் அதே தரவுகளை மறுபடி கணக்கிட்டு, ஊரின் உயரத்தையும் கடலிலிருந்து அதன் தொலைவையும் கழித்துவிட்டால் காட்டின் பங்கு மிகச் சிறியது என்று வாதிட்டார்கள். அதற்கும் மறுப்பு வந்தது.

வேலைக்குச் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் இந்த விவாதத்தைப் படித்தேன். மேடான ஊர், கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர், காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் மூன்றும் ஒரே ஊர் என்றால், காப்பாற்றியது எது? அலுவலகத்தில் தினமும் வேறு தரவை வைத்து நான் மல்லுக்கட்டும் சிக்கல்தான். ஆனால் இங்கே பதில் தவறினால் யாரோ சாவார்கள். இருக்கிற பணத்தில் காடு வளர்ப்பதா, குடியிருப்பை மேட்டுக்கு மாற்றுவதா? மாற்றினால் மீனவர் படகை யார் பார்த்துக்கொள்வது? புள்ளியியல், உயிரியல், அரசியல் எல்லாம் தேவைப்படும் கேள்வி இது. என் கைடில் அது ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது.

முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-ல், அமெரிக்காவின் கொலம்பியா கல்லூரி ‘சமகால நாகரிகம்’ என்ற பொதுப்பாடத்தைக் கட்டாயமாக்கியது. அந்த வகுப்புக்குப் பின்னால் போர், அமைதி பற்றிய கேள்வி சுடச்சுட இருந்தது. நம் தாள்களில் தலைப்புகள் நிறைய இருக்கின்றன, கேள்வியைத்தான் காணோம்.

"கிளாஸ் யார்டா எடுத்தாங்க?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"ஃபிசிக்ஸ் சார்ணா. அவரே புக்கப் பாத்துதான் படிச்சாரு."

இதைக் கேட்டால் தமிழ் நண்பர்கள் கொதிப்பார்கள். இயற்பியல் ஆசிரியர் மரபை நடத்துவதா என்று. சிதம்பரத்துக்கு இது புதிதில்லை. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக வந்த விபுலானந்தர், மட்டக்களப்புப் பக்கம் காரைதீவில் பிறந்து, லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்ஸி. வாங்கி, யாழ்ப்பாணத்தில் அறிவியல் கற்பித்தவர். 1947-ல் வெளிவந்த அவருடைய ‘யாழ் நூல்’ சிலப்பதிகாரத்தையும் சுரங்களின் கணக்கையும் சேர்த்துப் பிடித்து, வழக்கொழிந்த ஒரு கருவியைத் தேடிப் போகிறது. கணிதம் தெரியாத புலவராலும் அதை எழுதியிருக்க முடியாது, தமிழ் தெரியாத விஞ்ஞானியாலும் முடியாது. அந்த ஃபிசிக்ஸ் சாரிடமும் தூம்பைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். ஐந்து அலகை முடிக்கச் சொன்னால் அவர் புத்தகத்தைத்தான் படிப்பார்.

என் யோசனை எளிது. பதினைந்து வகுப்பையும் ஒரே ஏரிக்குக் கொடுங்கள். வீராணம் சோழர் காலத்து ஏரி. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. 2004 முதல் குழாயில் சென்னைக்கும் போகிறது. கட்டியது யார், தூர் எப்படிச் சேர்கிறது, காட்டுமன்னார்கோயில் வயலுக்கும் சென்னைச் சமையலறைக்கும் யார் பங்கு பிரிப்பது என்று கேட்டுக்கொண்டே போகலாம். முத்துக்குளித்தல் விட்டுப்போகும். போகட்டும். ஓர் ஏரியைக் கேள்வி கேட்கத் தெரிந்தவன் முத்தைப் பற்றித் தானே போய்ப் படிப்பான். திருநெல்வேலிக் கல்லூரி தாமிரபரணியை எடுத்துக்கொள்ளட்டும். பொது வினாத்தாள் போட முடியாது என்பார்கள். உண்மைதான். அந்த வசதிக்காகத்தான் இத்தனையையும் இழந்துகொண்டிருக்கிறோம்.

அன்றிரவு தம்பிக்கு ஒரு படம் வரைந்து அனுப்பினேன். தொட்டி, துளை, சுருங்கை. கூடவே, "தேர்வு முடிஞ்சதும் கரைக்குப் போய் ஒரு மதகைப் பாத்துட்டுக் கூப்பிடு" என்றும் எழுதினேன்.

மறுநாள் மதியம் பதில் வந்தது. "அண்ணா, குமிழித் தூம்பு வரல. கருப்பு சிவப்புப் பானைதான் கேட்டான். எழுதிட்டேன்."

மதகைப் பற்றி ஒன்றும் இல்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை. பொங்கலுக்குப் போகும்போது கூட்டிக்கொண்டு போக வேண்டும்.