இளங்கதிரும் மாணவர் எழுத்தும்

நிந்தவூருக்கு வடக்கே காரைதீவு, தெற்கே ஒலுவில். முன்னது சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர். பின்னது 1990களின் நடுப்பகுதியில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்த ஊர். விபுலானந்தர் 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியரானார், 1947இல் மறைந்தார். அதனையடுத்த சில ஆண்டுகளுக்குள் அப்பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்து மாணவர் வெளியிடத் தொடங்கிய மலரே 'இளங்கதிர்' என்பது. ஒலுவிலில் மலர் வெளியிட முனையும் மாணவர் அதன் நிறைகுறைகளை அறிந்திருத்தல் நன்று.

இத்தகைய மலர்களுக்கு ஊதியம் பெறும் ஆசிரியர் இல்லை. பாட வேளை போக எஞ்சிய பொழுதிலே கட்டுரை கேட்டு அலைவதும், விளம்பரத்துக்காகக் கடைப்படி ஏறுவதும், அச்சுப்படி திருத்துவதும் மாணவர் கடன். ஒருவர் அச்சகத்தின் போக்கை ஒருவாறு அறிந்துகொள்ளும் வேளையிற் சோதனை வந்துவிடும்; பொறுப்புப் புதியவர் கைக்கு மாறும். ஆகவே எழுத்துப் பிழை மலிதலும் மலர் காலந்தாழ்தலும் வியப்பன்று. அவற்றைப் பெரிதுபடுத்துவோர் மலர் வெளியிட்டறியாதவர்.

பெரிதுபடுத்தத்தக்க குறை வேறொன்றுண்டு. க. கணபதிப்பிள்ளை, சு. வித்தியானந்தன், வி. செல்வநாயகம் ஆகியோர் கற்பித்த சூழலில் வளர்ந்த இளங்கதிரில் ஆராய்ச்சிக் கட்டுரை தலையிடம் பெற்றது. அதனால் ஈழத்துத் தமிழாராய்ச்சி அடைந்த பயன் சிறிதன்று. ஆயினும், பெயரில் இளமை பூண்ட மலரில் முதுமையே ஓங்கி நின்றது. விரிவுரைக் குறிப்பை விரித்தெழுதிய கட்டுரைக்கு இடம் இருந்தது. மாணவன் தானே கண்டெழுதியது பின்னிருக்கையிலே ஒதுங்கியது.

மாணவரிடம் சரக்கு இல்லையென்று சொல்லவும் இயலாது. 1960களின் தொடக்கத்தில் பேராதனை மாணவர் தம் சிறுகதைகளைத் தாமே தொகுத்துக் 'கதைப்பூங்கா' என நூலாக்கினர். செங்கை ஆழியானும் செம்பியன் செல்வனும் அத்தலைமுறையினரே. 1962இல் வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, மட்டக்களப்புக் கிராமத்துக் களரியில் ஆடப்பட்டு வந்த கலையைப் பல்கலைக்கழக மாணவர் ஆடினர். ஊரிலுள்ளது பல்கலைக்கழகத்துக்கும் ஆகும் என்பது அன்று புலனாயிற்று.

இக்கரையோர முஸ்லிம் ஊர்களுக்கு இது நேரே பொருந்தும். எம். எம். உவைஸ் அவர்கள் முஸ்லிம்களின் தமிழ்த் தொண்டை ஆராய்ந்து எழுதிய நூல் 1953இல் வெளிவந்தது. அதற்கு முன்னர் அப்பொருளைப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குரியதாகக் கருதியோர் மிகச் சிலரே. உவைஸ் ஏட்டிலக்கியத்துக்குச் செய்ததை வாய்மொழி இலக்கியத்துக்குச் செய்வோர் இன்றும் வேண்டப்படுகின்றனர். வயலிலும் வாடியிலும் வழங்கிய கவிகள், தாலாட்டுகள், பெண்கள் தம்முள் மாறிமாறிச் சொன்ன வசைக்கவிகள் ஆகியவற்றுட் பல இன்னும் ஏடேறவில்லை. அச்சேறிய சிலவும் சொன்னவர் பெயரும் ஊரும் இன்றி நிற்கின்றன. சிலப்பதிகாரத்தைப் பற்றி ஐம்பதாவது கட்டுரை வராதொழியினும் சிலம்புக்குக் குறைவில்லை. கவி சொல்லத் தெரிந்த ஒரு மூதாட்டி கண்மூடினாற் போனது போனதுதான்.

பேராசிரியர் கட்டுரை ஒன்றிரண்டு மலருக்கு அணி செய்யட்டும். ஏனைய பக்கங்களை நிரப்ப, மாணவன் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் சென்றாற் போதும்.