ஏட்டில் வந்தவரும் வராதவரும்

திருச்சியில் பெருந்தொழிலகங்கள் சில தம் ஊழியருக்கெனத் தனி மருத்துவமனையே நடத்தி வருகின்றன. பொன்மலையில் ரயில்வேக்கு ஒன்று. திருவெறும்பூரை அடுத்துப் பாரத மிகுமின் நிறுவனத்துக்கு ஒன்று. இன்று பல நிறுவனங்களில் ‘ஊழியர் நலத் திட்டம்’ என்ற பெயரில் இரத்த அழுத்தம், சர்க்கரை, எடை முதலியவற்றை அளந்து கணிப்பொறியில் ஏற்றுகிறார்கள். இந்தக் குவியலிலிருந்து நாம் உண்மையில் எதை அறிய முடியும்? இதற்கு விடை தேட நம் ரயில்வேயின் பழைய ஆய்வு ஒன்றே நல்ல உரைகல்லாகும்.

ரயில்வே மருத்துவரான டாக்டர் எஸ்.எல். மல்ஹோத்ரா, 18 முதல் 55 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 11.5 லட்சம் ஆண் ஊழியரிடையே 1958 முதல் 1962 வரை மாரடைப்பு போன்ற இதய நோயால் நேர்ந்த மரணங்களைக் கணக்கிட்டார். 1967-இல் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் முடிவு வெளிவந்தது. பஞ்சாபியரைவிடத் தென்னிந்தியரிடம் இம்மரணம் சுமார் 7 மடங்கு! இறந்தோரின் சராசரி வயது அங்கே 52, இங்கே 44. இத்தனைக்கும் கொழுப்பைப் பன்மடங்கு அதிகமாக உண்டவர்கள் பஞ்சாபியரே.

இவ்வாய்வின் பலம் எது? மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் எண்ணினால், ‘எத்தனை பேரில் இத்தனை’ என்று கூற இயலாது. ரயில்வேயிடமோ சம்பளப் பட்டியல் இருந்தது. நோயுற்றவரோடு நோயற்றவரும் அதில் அடங்குவர். பின்னத்தின் கீழெண் கையில் இருந்ததால்தான் ஒப்பீடு சாத்தியமாயிற்று.

ஆனால் காரணம் கூறவந்த இடத்தில் ஏடு கைகொடுக்கவில்லை. வடக்கே பால், நெய். தெற்கே வித்து எண்ணெய். வேற்றுமைக்கு இதுவே காரணம் என்பது அவர் வாதம். நெய்ப் பிரியர்களுக்கு இது இனிக்கத்தான் செய்யும்! எனினும் மாண்டவர் ஒவ்வொருவரும் என்ன உண்டார் என்பது பணிப் பதிவேட்டில் ஏது? வட்டாரத்தின் பழக்கத்தைத் தனி மனிதன் தலையில் ஏற்றுவது ஐயத்துக்குரியது.

இத்தகைய ஐயத்தைத் தம் ஆய்வின்மீதே எழுப்பியவர் லண்டன் அறிஞர் ஜெர்ரி மாரிஸ். பஸ் ஓட்டுநரைவிட, மாடிப்படி ஏறியிறங்கும் கண்டக்டருக்கு இதய நோய் குறைவு என்று 1953-இல் அவர் குழு எழுதியது. நடமாட்டமே காரணமா? 1956-இல் அவர்கள் புரட்டியது சீருடைக் கணக்கை. கால்சட்டையின் இடுப்பளவைப் பார்த்தால், ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருமனாக இருந்திருக்கிறார்கள்! உழைப்பின் பங்கு இதனால் பொய்யாகிவிடவில்லை. ஆனால் இரு சாராரும் தொடக்கத்திலேயே சமமானவர் அல்லர் என்பது தெரிந்தது. தையற்காரரின் அளவு நோட்டு மருத்துவத்துக்கு உதவிய இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது.

நலத் திட்டங்களின் பொதுவான கோளாறும் இதுவே. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகம் 2016-இல் தன் ஊழியர் 4,834 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு மட்டும் திட்டம். திட்டத்தில் கலந்துகொண்டவரைக் கலந்துகொள்ளாதவரோடு ஒப்பிட்டால் மருத்துவச் செலவு குறைந்ததுபோல் தோன்றியது. இரு பிரிவையும் முழுமையாக ஒப்பிட்டபோதோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முன்பே நலமாயிருந்தவர்களே விரும்பி வந்திருந்தனர்!

‘முகாமுக்கு வந்தோரில் இத்தனை விழுக்காட்டினர் எடை குறைந்தனர்’ என்று ஒரு நிறுவனம் அறிவித்தால், வராதோர் எத்தனை பேர், இடையில் வேலையை விட்டோர் எத்தனை பேர் என்று நாம் கேட்க வேண்டும். உடல் தளர்ந்து ஊர் திரும்பியவர் கணக்கிலிருந்து மறைந்ததுமே சராசரி தானாக உயர்ந்துவிடும். ஒப்பந்தத் தொழிலாளர் நிலை இன்னும் மோசம். துவாக்குடிப் பட்டறையில் வெல்டிங் செய்யும் ஒருவர் நெஞ்சுவலியோடு புத்தூர் அரசு மருத்துவமனைக்கு வந்தால், அங்கே அவர் ஒரு நோயாளி. அவரிடம் வேலை வாங்கிய பெரிய தொழிலகத்தின் நல ஏட்டிலோ அவர் மேலெண்ணிலும் இல்லை, கீழெண்ணிலும் இல்லை.