இடைவெளியை அளந்து இலையைக் கணிப்பது

ஒரு மரத்தின் இலைப்பரப்பை ஐயமில்லாமல் சொல்ல வேண்டுமானால் இலைகளைப் பறித்துக் கையில் வைத்து அளக்க வேண்டும். அந்த வழியிலும் தொடக்கம் முதலே ஓர் ஊகம் கலந்திருக்கிறது. இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், 1727-இல் வெளியிட்ட நூலில், ஒரு சூரியகாந்திச் செடியை அளந்த விதத்தை விவரிக்கிறார். இலைகளை அளவுவாரியாக ஐந்து குவியலாகப் பிரித்தார். குவியலுக்கு ஓர் இலையை எடுத்து, கால் அங்குலக் கட்டங்களாக நூல் இழுத்த வலையை அதன்மேல் விரித்துக் கட்டங்களை எண்ணினார். பிறகு பெருக்கிக் கூட்டினார். 39 சதுர அடி என்று வந்தது.

மரத்துக்கு வரும்போது குவியல்கள் பெருகுகின்றன, ஊகமும் பெருகுகிறது. வழக்கமாகச் செய்வது இது: மொத்த இலையையும் உலர்த்தி எடை போடுவார்கள்; சில இலைகளின் பரப்பை ஸ்கேனரில் அளந்து, ஒரு கிராமுக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று கண்டு பெருக்குவார்கள். ஆனால் உச்சியில் வெயில் குடிக்கும் இலை தடித்தது, உள்ளே நிழலில் வளரும் இலை மெல்லியது. கைக்கெட்டும் தாழ்ந்த கிளையில் மட்டும் மாதிரி பறித்தவர், அதே எடைக்குக் கூடுதல் பரப்பைக் கணக்கில் எழுதிவிடுவார். ஏணி இல்லாததால் வரும் இந்தப் பிழையை எந்தச் சூத்திரமும் பின்னால் திருத்தாது.

வெட்டாமல் அறிய அடிமரத்தின் சுற்றளவிலிருந்து கணிக்கும் வழி ஒன்று உண்டு. 1964-இல் ஷினோசாகியும் அவரது ஜப்பானியச் சகாக்களும் மரத்தை நீர்க்குழாய்களின் கட்டாகப் பார்த்தார்கள்: வைரம் பாயாத வெளிமரத்தின் குறுக்குப் பரப்பு எவ்வளவோ, அதற்கேற்ற அளவு இலை மேலே இருக்கும். அழகான கருத்து, காட்டில் பெரும்பாலும் பலிக்கிறது. சாலையோரத்தில் பலிப்பதில்லை. மின்கம்பிக்காக ஆண்டுதோறும் கிளை கழிக்கப்படும் மரத்தில் அடிமரம் அப்படியே இருக்கும், தழை பாதிகூட இருக்காது.

சருகைப் பிடித்து அளப்பது எனக்கு மிகவும் மதிப்புக்குரிய முறை. தரைக்குச் சற்று மேலே வலைத்தொட்டிகளைக் கட்டி, விழும் இலைகளை ஓரிரு வாரத்துக்கொரு முறை சேகரித்து, இனம் பிரித்து, உலர்த்தி அளக்கிறார்கள். கோடையில் முழுதாக உதிர்க்கும் தேக்குக்கு இது பொருத்தமானது. ஓர் ஆண்டின் இலை முழுவதும் தானாகவே கைக்கு வருகிறது. ஆனால் புளியின் சிற்றிலைகள் வலைக்கண்ணில் நழுவிவிடும். எப்போதும் பசுமையான சோலைக்காட்டில் இலை ஓராண்டுக்கு மேலும் வாழ்வதால், ஆண்டுச் சருகு மரத்தில் நிற்கும் இலைக்குச் சமமாகாது. இலையின் ஆயுளைத் தனியே அறிந்தால்தான் கணக்கு நேராகும். உழைப்பு மிகுந்த இந்த முறையைப் பழையது என்று ஒதுக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புதிய கருவிகளின் பொய்யைக் கண்டுபிடித்துச் சொல்ல இது வேண்டும்.

இன்று பெரும்பாலான ஆய்வுகள் நம்பியிருப்பது ஒளியை. ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே எத்தனை சதுர மீட்டர் இலை என்பதை இலைப்பரப்புக் குறியீடு என்று 1947-இல் வாட்சன் வரையறுத்தார். 1953-இல் மோன்சியும் சயேக்கியும், இலையடுக்கு கூடக்கூட உள்ளே இறங்கும் வெளிச்சம் அடுக்குக்குறி விதிப்படி குறைகிறது என்று காட்டினார்கள். அந்த விதியைத் தலைகீழாக்கினால் வெளிச்சத்திலிருந்து இலையை மீட்கலாம். மீன்கண் லென்ஸ் படமும், ஐந்து வளையங்களில் வானத்தைப் படிக்கும் ஒளிமானியும் செய்வது இதைத்தான். மரத்துக்குக் காயமில்லை, சில நிமிட வேலை, நாளை அதே இடத்தில் நின்று மறுபடி அளக்கலாம். துளிர்ப்பதையும் உதிர்வதையும் தொடர்ந்து கவனிக்க இதைவிட வசதியான வழி கிடையாது.

ஆனால் கருவி பார்ப்பது இலையை அல்ல, இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தை. இலைகள் எங்கும் சீராகத் தூவப்பட்டிருக்கின்றன என்று விதி எடுத்துக்கொள்கிறது. மரமோ இலைகளைக் கொத்துக்கொத்தாக வைத்திருக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். தரையின் சரிபாதியில் தலைக்குமேல் அடர்ந்த தழை, குறியீடு 8, மறுபாதி வெட்டவெளி. உண்மையான சராசரி 4. ஒளி குறையும் கெழுவை 0.5 என்று கொண்டால், தழைக்கடியில் 2 சதவீத வெளிச்சம்தான் வரும், வெட்டவெளியில் முழுதும் வரும். சராசரி 51 சதவீதம். அந்தச் சராசரியைச் சூத்திரத்தில் போட்டால் கிடைக்கும் விடை 1.35. மூன்றில் இரண்டு பங்கு இலை காகிதத்தில் காணாமல் போகிறது. 1986-இல் லாங், ஷியாங் இருவரும் சொன்ன திருத்தம் எளிமையானது: முதலில் சிறு சிறு பகுதிகளுக்கு மடக்கை எடு, பிறகு சராசரி காண். மேற்சொன்ன கணக்கில் அப்படிச் செய்தால் 4 திரும்பக் கிடைக்கும். உண்மைக் காட்டில் கொத்துக்குள் கொத்து இருப்பதால் முழுதும் கிடைக்காது.

அடர்காட்டில் இன்னொரு தடை. அதே கெழுவில் குறியீடு 6 என்றால் 5 சதவீத வெளிச்சம், 8 என்றால் 1.8 சதவீதம். இந்த மெல்லிய வேறுபாட்டை மேகம் நகர்வதே அழித்துவிடும். செயற்கைக்கோள் படத்துக்கும் இதே நோய்தான். இலைப்பரப்புக் குறியீடு 3, 4-ஐத் தாண்டியபின் அந்தப் படம் தரும் பசுமைக் குறியீடு ஏறக்குறைய அசைவதில்லை. கோஸ்டாரிகாவின் லா செல்வா மழைக்காட்டில், 2008-இல் வெளியான ஆய்வுக்காக, பிரித்து மாட்டக்கூடிய கோபுரத்தைப் பல இடங்களில் நிறுத்தி, தரை முதல் உச்சி வரை இலைகளைப் பறித்து அளந்தார்கள். சராசரி சுமார் 6 என்று வந்தது. கருவிகளின் காலத்தில் அந்தப் பாட்டைப் பட்டவர்களை நான் வியந்து மதிக்கிறேன்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. ஒளிமானி கிளையையும் அடிமரத்தையும் இலையோடு சேர்த்து எண்ணுவதால் விடை கூடும், கொத்துகளால் குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, சருகுக் கணக்கோடு எண் ஒத்துப்போவது உண்டு. அதைக் கருவியின் வெற்றியாக எழுதிவிடுகிறார்கள். பருவம் மாறினால் அந்த ஒற்றுமை குலையும்.

எதை இலைப்பரப்பு என்கிறோம் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். சவுக்கில் நாம் ஊசியிலை என்று நினைப்பது பச்சைக் கிளை. உண்மை இலை அதன் கணுக்களில் செதிலாக ஒட்டியிருக்கிறது. அந்த உருளையின் நிழற்பரப்பை எடுத்தால் ஓர் எண். சென்னும் பிளாக்கும் 1992-இல் பரிந்துரைத்தபடி மொத்த மேற்பரப்பில் பாதியை எடுத்தால் 1.57 மடங்கு. அளவீட்டில் பிழையே இல்லாமல் இத்தனை வேறுபாடு. வரையறையையும் முறையையும் சொல்லாமல் குறியீட்டை மட்டும் அட்டவணையில் போடும் அறிக்கையை நான் ஏற்பதில்லை.

இதனால் தோராய அளவு வீண் என்று ஆகாது. 10 மீட்டர் விட்டத்துக்கு விரிந்த மரம், குறியீடு 5 என்று கொள்வோம்: ஏறத்தாழ 390 சதுர மீட்டர் இலை. அரை மீட்டர் விரிந்த கன்று, குறியீடு 2: 0.4 சதுர மீட்டர். ஒரு மரத்தை வெட்டியதற்கு ஈடாக இலையளவில் ஆயிரம் கன்று வேண்டும். இங்கே கருவி மூன்றில் ஒரு பங்கு தவறினாலும், ஈடாகப் பத்துக் கன்று நட்டால் போதாது என்ற முடிவு மாறாது; கைபேசிப் படமே போதும். சோலை எவ்வளவு நீரை ஆவியாக்குகிறது, காடு எவ்வளவு கரியைச் சேர்க்கிறது என்று கணக்கிடும்போது அதே தவறு முடிவையே புரட்டிவிடும். அங்கே ஒளிமானிக்குப் பக்கத்திலேயே சருகுத் தொட்டியும், கிளையில் அடையாளம் கட்டி இலையின் ஆயுளைக் குறித்துவரும் ஆளும் வேண்டும். திட்டச் செலவில் அந்த ஆளின் கூலியை முதல் வரியாக எழுத வேண்டும்.