பெட்டியின் விலையும் பார்ப்பதற்கான செலவும்

ஒருமுறை வாங்கிவிட்டால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்ற நிலையில்தான் தமிழ்நாட்டு வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி நெடுங்காலம் இருந்துவந்தது. 2006ஆம் ஆண்டுத் தேர்தல் வாக்குறுதியின்படி தி.மு.க. அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியும், 2011இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தோடு மீண்டும் உயிர்பெற்ற அரசு கேபிளும் அந்தக் காலத்துக் கணக்கைத் தெளிவாகக் காட்டுகின்றன: பெட்டிக்கு ஒரு செலவு, இணைப்புக்குச் சிறு கட்டணம், அவ்வளவே. இன்று பரவலாகியிருக்கும் நடைமுறை வேறு. ஆடி, தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் கையிலுள்ள தொகை முழுவதையும் போட்டு, போதாததற்குத் தவணையையும் சேர்த்து, இயன்றவரை பெரிய 4கே ஸ்மார்ட் டிவியை வாங்குவதும், கேபிளைத் துண்டித்துவிட்டு இணையவழியில் படமும் தொடரும் வழங்கும் ஓடிடி தளங்களுக்குச் சந்தா கட்டுவதும் நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாகிவிட்டன. இந்த வழக்கத்துக்கு உண்மையான பலங்கள் உண்டு என்றாலும், குறைந்த வருவாயில் திட்டமிடும் குடும்பத்துக்கு அது செலவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறதே ஒழிய, பெரும்பாலும் குறைப்பதில்லை.

பலங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்ததால், சிறிய பெட்டிக்கு மட்டுமே இருந்த வரிச் சலுகை மறைந்து, 43 அங்குலம் சாதாரண வீட்டுக்கும் எட்டும் அளவாகிவிட்டது. மறுபுறம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிமுறைகளின்கீழ், கட்டணச் சேனல் ஒன்றைக்கூடத் தேர்ந்தெடுக்காதவரும் இணைப்புக்கென அதிகபட்சம் 130 ரூபாயும் அதற்கான வரியும் கட்ட நேர்ந்தபோது, கேபிள் மலிவானது என்ற எண்ணமே ஆட்டம் கண்டது. திரையரங்கை விட்ட படம் சில வாரங்களில் வீட்டுக்கு வந்துவிடுவதும், விரும்பிய நேரத்தில் நிறுத்திப் பார்க்க முடிவதும் கேபிள் தராத வசதிகள்.

குறைகள் தொடங்குவது பெட்டியின் அட்டையில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் 4கே என்ற சொல்லிலிருந்துதான். படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளான பிக்சல்கள் கிடைவாக்கில் 3840, செங்குத்தாக 2160 என அமைந்திருப்பதை அது குறிக்கிறது. ஃபுல் ஹெச்டி எனப்படும் முந்தைய தரத்தில் இவை 1920, 1080. மொத்தப் புள்ளிகள் நான்கு மடங்கு என்பது உண்மையே எனினும், அந்தக் கூடுதல் கண்ணுக்கு எட்டுகிறதா என்பதை அமரும் தொலைவுதான் தீர்மானிக்கிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவான கோண இடைவெளியில் அமைந்த இரு புள்ளிகளைக் குறையற்ற கண்ணாலும் பிரித்தறிய முடியாது என்பது கண் பரிசோதனையின் வழக்கமான அளவுகோல். அதைக்கொண்டு கணக்கிட்டால், 43 அங்குல ஃபுல் ஹெச்டித் திரையின் புள்ளிகள் ஏறத்தாழ ஐந்தரை அடித் தொலைவிலேயே ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 55 அங்குலத் திரையிலும் அந்த எல்லை ஏழடியைச் சற்றே தாண்டுகிறது. பெட்டியைச் சுவரில் மாட்டி, எட்டுப் பத்தடி தள்ளி சோபாவிலோ பாயிலோ அமர்ந்து பார்க்கும் கூடத்தில், 4கே தரும் கூடுதல் புள்ளிகளில் பெரும்பகுதி பார்ப்பவரை வந்து சேர்வதேயில்லை. சந்தையில் 43 அங்குலமும் அதற்கு மேலும் இப்போது பெரும்பாலும் 4கேயாகவே கிடைப்பதால் அதைத் தவிர்ப்பது எளிதன்று; ஆனால் அந்தச் சொல்லுக்காகக் கூடுதல் விலை தருவதும், அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று உயர்ந்த சந்தாவுக்குப் போவதும் தவிர்க்கக்கூடியவை.

சந்தாவில்தான் இந்தச் சொல்லின் முழு விலை தெரியவருகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கென அறிவித்த கட்டணங்களில் அடிப்படைத் திட்டம் மாதம் 199 ரூபாய், 4கே தரும் திட்டமோ 649 ரூபாய். இடையிலுள்ள 450 ரூபாய் மூன்றாண்டுகளில் 16,200 ரூபாயாகிறது. அதாவது இன்னொரு சிறிய பெட்டியின் விலை. வீட்டில் நாள்தோறும் அதிகம் ஓடுவது தமிழ்ச் சேனல்களின் தொடர்களும் செய்திகளுமாக இருந்தால் நிலைமை இன்னும் விசித்திரமானது. கேபிளில் சாதாரணத் தரத்தில் வரும் படம் 576 வரிகளே கொண்டது; அதைப் பெட்டி தானாகவே 2160 வரிகளாக விரித்துக் காட்ட வேண்டியிருப்பதாலும், மலிவான பெட்டிகளில் அந்த வேலையைச் செய்யும் சில்லு எளியது என்பதாலும், பழைய 32 அங்குலத்தில் கூர்மையாகத் தெரிந்த முகம் புதிய பெரிய திரையில் மழுங்கித் தெரிகிறது. கடையில் ஓடவிடும் விளம்பரப் படத்தை நம்பி வாங்கியவர் வீட்டில் ஏமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒளியும் நிழலும் விரிந்த வீச்சில் தெரியச் செய்யும் ஹெச்டிஆர் என்ற உத்தி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரகாசத்தை அளக்கும் நிட் என்ற அலகில் முந்நூறு மட்டுமே கொண்ட மலிவான பெட்டி ஹெச்டிஆர் சமிக்ஞையைப் பெற்றுக்கொள்ளும், ஆனால் அந்த வீச்சைக் காட்டாது. பல பக்கங்களில் ஆட்கள் அமரும் கூடத்துக்குப் பக்கவாட்டிலும் நிறம் மாறாத ஐபிஎஸ் வகைத் திரையும், நேர் எதிரே அமர்ந்து இருட்டில் பார்ப்போருக்குக் கருமை ஆழமாகத் தெரியும் விஏ வகைத் திரையும் பொருந்தும் என்பது இதைவிடப் பயனுள்ள தகவல். விற்பனையாளர் அதைச் சொல்வது அரிது.

ஸ்மார்ட் என்ற அடைமொழி வேறு வகைச் சிக்கல். திரை பத்தாண்டு உழைக்கக்கூடியது. அதற்குள் இருக்கும் சிறு கணினியோ, மலிவான பெட்டிகளில் ஒன்று அல்லது இரண்டு ஜிபி நினைவகத்தோடு வந்து, மூன்று நான்கு ஆண்டுகளில் செயலிகளின் எடையைத் தாங்காமல் திணறத் தொடங்கிவிடுகிறது. 2019 டிசம்பரில் பழைய சாம்சங் பெட்டிகள் சிலவற்றுக்கு நெட்ஃபிளிக்ஸ் தன் சேவையை நிறுத்தியபோது அவற்றின் திரைகளில் எந்தப் பழுதும் இல்லை. இதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் வழி, பெட்டியை வெறும் திரையாகக் கருதி, ஹெச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக் எனப்படும் சிறு கருவியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வது. சில ஆயிரம் ரூபாயில் முடியும் இந்த வழி பொருளாதார நோக்கில் சிறந்தது. ஆனால் ஓடிடி தளங்களின் உரிமச் சான்று பெறாத பெயரில்லா ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் படம் தாழ்ந்த தரத்திலேயே ஓடும் என்பதும், இரண்டு ரிமோட்டுகளுக்கும் உள்ளீட்டை மாற்றும் பொத்தானுக்கும் இடையே வீட்டு முதியவர்கள் தடுமாறுவார்கள் என்பதும் சேர்த்தே எடைபோடப்பட வேண்டியவை. எனவே புதுப் பெட்டியின் ஸ்மார்ட் வசதி ஓடும்வரை ஓடட்டும், அதற்கென்று கூடுதல் பணம் வேண்டாம் என்பதே நடுநிலையான முடிவு.

மிகக் குறைவாகப் பேசப்படுவது ஒலி. பெட்டி மெலிய மெலிய ஸ்பீக்கர்கள் சிறுத்து, தரையை நோக்கித் திரும்பிவிட்டதால், பல திசை ஒலிக்கெனக் கலக்கப்பட்ட திரைப்படத்தில் வசனம் பின்னணி இசைக்குள் அமிழ்கிறது. வசனத்துக்கு ஒலியைக் கூட்டுவதும் சண்டைக்காட்சிக்குக் குறைப்பதுமாகப் படம் கழிகிறது. இந்தக் குறையை ஐயாயிரம் ரூபாய் அளவிலான சவுண்ட்பாரோ, பரணில் கிடக்கும் பழைய ஹோம் தியேட்டரோ பெருமளவு தீர்த்துவிடும். அதே தொகையைத் திரையின் அங்குலத்தைக் கூட்டச் செலவிட்டால் கிடைக்கும் பலன் இதைவிடக் குறைவு.

சந்தாக்களை ஒரே நேரத்தில் குவிக்காமல், ஒரு மாதம் ஒரு தளம் என்று சுழற்றுவது செலவைக் கட்டுப்படுத்தும் நல்ல உத்தி என்றாலும், ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடி அதில் கிடைக்காது; தானாகவே பணம் எடுக்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு முறையும் நினைவாக நிறுத்தவும் வேண்டும். கட்டிய சந்தாவும் கட்டியபடி நிற்பதில்லை: பிரைம் வீடியோ 2025 ஜூன் முதல் இந்தியாவில் விளம்பரங்களைப் புகுத்தி, அவற்றை நீக்கத் தனிக் கட்டணம் கேட்கிறது. வட்டியில்லாத் தவணையும் பெயரளவில்தான் அப்படி. கிரெடிட் கார்டுகளின் சுழிய வட்டித் திட்டங்களை 2013இல் ரிசர்வ் வங்கி தடுத்த பிறகு, வட்டிக்குச் சமமான தொகை விலையில் தள்ளுபடியாகக் காட்டப்படுகிறது, ஆனால் வட்டி மீதான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் வாங்குபவர் தலையில்தான் விழுகின்றன.

ஆக, முப்பதாயிரம் ரூபாயை உச்சவரம்பாகக் கொண்ட குடும்பம் 43 அங்குலத்தோடு நின்று, ஐந்தில் ஒரு பங்கை ஒலிக்கு ஒதுக்கி, தவணையின்றி வாங்குவதே தகும். புதுப் பெட்டி வந்த அன்றே கேபிளைத் துண்டிக்காமல், வீட்டில் உண்மையில் எது எவ்வளவு நேரம் பார்க்கப்படுகிறது என்று இரண்டு மாதம் கவனித்த பின்னரே அந்த இணைப்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.